முரண்படும் மாதிரியுருக்களை ஒன்றுசேர்த்தல்

ஒரு கருமத்தைப் பலர் கூடிச் செய்யப் புகுமிடத்து, அக்கருமத்தைப் பற்றிய படம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒவ்வொரு வகையாய் அமைந்திருத்தல் இயல்பு. வீடு கட்டுவிப்போன் உள்ளத்திலுள்ள வீடு வேறு. அதனை வரைவோன் உள்ளத்திலுள்ள வீடு வேறு. கட்டுங் கொத்தன் கருதிய வீடு பிறிதொன்று. ஆயினும் வீட்டைப் பொறுத்தவரையில் இவ்வேறுபாடு நெடுநாள் மறைந்து கிடப்பதன்று. சுவர் முழங்காலளவு எழுந்ததும் வாயில் எத்திசை நோக்கியது என்பது வழிப்போக்கனுக்கும் தெரிந்துவிடும். கணினியை இயக்குதற்பொருட்டு எழுதப்படும் மென்பொருளோ கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத கட்டடம். அதனை வேண்டியோர் கருதியது ஒன்று, எழுதியோர் உணர்ந்தது பிறிதொன்று, பயன்படுத்துவோர் எதிர்பார்த்தது மற்றொன்று என்னும் உண்மை பல வேளைகளில் அது தொழிற்படத் தொடங்கும் நாளிலேயே வெளிப்படுகின்றது. அந்நாளில் அதனைத் திருத்த முயல்வது, கூரை போட்டபின் அத்திவாரத்தை மாற்ற முயல்வதையொக்கும்.

இதனைக் கருதியே மென்பொருட் பொறியியலுள் தேவைப்பாட்டுப் பொறியியல் என ஒரு தனிப்பிரிவு வளர்ந்துளது. மென்பொருளை எவ்வாறு ஆக்குவது என்பதன்று இப்பிரிவின் வினா. யாது ஆக்கற்பாலது, யார்பொருட்டு, என்ன காரணம்பற்றி என்பனவே. ஆக்கப்படும் தொகுதியால் நன்மையோ தீமையோ எய்தக்கூடிய எல்லோரும் ஈண்டுத் தொடர்புடையோர் எனப்படுவர். பணங் கொடுப்போர், மேலாளர், பயன்படுத்துவோர், பேணுவோர், சில வேளைகளில் அத்தொகுதியை ஒருநாளுங் கண்டிராத பொதுமக்கள் ஆகிய யாவரும் இவருள் அடங்குவர். இவர் கூறுவனவற்றைக் கேட்டுப் பொறியியலார் வரையும் சுருக்கப்படமே மாதிரியுரு. இன்ன பொருள்கள் உள, அவற்றிடையே இன்ன உறவுகள் உள என ஒரு மாதிரியுரு காட்டும். ஒரு பொருள் எந்நிலையிலிருந்து எந்நிலைக்கு மாறும் எனப் பிறிதொன்று காட்டும். யார் யாரிடத்து எதனை வேண்டி நிற்கின்றனர் என மற்றொன்று காட்டும். பலரிடமிருந்து பெற்ற மாதிரியுருக்களை ஒன்றுசேர்ப்பது எங்ஙனம், அவை தம்முள் முரணுமாயின் செய்யத்தக்கது யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இது வெறும் ஏட்டு வினாவன்று என்பதற்கு இலண்டன் அம்புலன்ஸ் சேவையின் வரலாறு தக்க சான்றாகும். 1992ஆம் ஆண்டளவில் அச்சேவை ஏறக்குறைய 600 சதுர மைற் பரப்பில் வாழ்ந்த 68 இலட்சம் மக்களுக்கு ஊழியஞ் செய்து வந்தது. நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 வரையான அழைப்புகள் அதற்கு வந்தன. அவற்றுள் 1,300 முதல் 1,600 வரையானவை அவசர அழைப்புகள். அழைப்பை ஏற்பவர் விவரங்களைத் தாளில் எழுதி, இடத்தை வரைபடப் புத்தகத்திற் பார்த்துக் குறிப்பார். தாள் ஓடும் பட்டையொன்றின்மீது சென்று சேரும். நகரின் மூன்று பிரிவுகளுள் உரிய பிரிவைக் கவனிப்பவர், வண்டிகளின் நிலையை நோக்கி, இன்ன வண்டி செல்க எனத் தீர்மானிப்பார். அழைப்பு வந்து 3 நிமிடத்துள் வண்டி அனுப்பப்படல் வேண்டும் என்பது விதி. தாள் நடக்கும் வேகத்தில் அவ்விதியைக் காத்தல் அரிதாயிற்று. ஆதலின், வண்டிகள் நிற்குமிடத்தைத் தானே அறிந்து, அண்மையிலுள்ளதைத் தெரிந்து, பெரும்பாலான வேளைகளில் மனிதர் தலையீடின்றியே கட்டளை அனுப்பத்தக்க கணினித் தொகுதியொன்று ஆக்கப்பட்டது.

1992 ஒக்டோபர் 26ஆம் நாள் அத்தொகுதி முழுமையாகத் தொழிற்படத் தொடங்கியது. அதே நாளில் மூன்று பிரிவுகளும் நீக்கப்பட்டு, இலண்டன் முழுவதும் ஒரே களமாக்கப்பட்டது. நாள் ஏற ஏற, வண்டிகளின் இடமும் நிலையும் பற்றிக் கணினி வைத்திருந்த செய்தி மெய்யினின்று விலகத் தொடங்கிற்று. பிழையான செய்தியைக் கொண்டு பிழையான வண்டி தெரியப்பட்டது. ஓரிடத்துக்கு இரு வண்டிகள் சென்றன. தொலைவிலிருந்த வண்டி அனுப்பப்பட்டது. கணினி விளங்கிக்கொள்ளாதவற்றையெல்லாம் எச்சரிக்கையாக்கித் திரையில் அடுக்க, புதிய எச்சரிக்கைகள் பழையனவற்றைத் திரைக்கு அப்பால் தள்ளின. உதவி வரக்காணாதோர் மீண்டும் மீண்டும் அழைத்தனர். அவ்வழைப்புகளாற் சுமை மேலும் கூடியது. மறுநாள் பிற்பகலில் அரைவாசி கையாற் செய்யும் பழைய முறைக்கு மீளவேண்டியதாயிற்று. நவம்பர் 4ஆம் நாள் அதிகாலை 2 மணிக்குச் சற்றுப்பின் தொகுதி முற்றாக நின்றுவிட்டது. திருத்த வேலையின்போது ஒருவர் விட்டுச்சென்ற சிறு நிரற்பகுதியொன்று, வண்டி அனுப்பப்படுந்தோறும் கணினியின் நினைவகத்திற் சிறிது இடத்தைப் பிடித்து விடுவியாது வந்தமையே அவ்விறுதி நிறுத்தத்துக்குக் காரணம்.

இந்நினைவகப் பிழை கதையிற் சுவைமிக்க பகுதியாயினும் மிகச் சிறிய பகுதி. 1993 பெப்ருவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கையைப் படிப்போர்க்கு வேறொன்று புலனாகும். மேலாண்மையார் உள்ளத்திலிருந்த மாதிரியுருவில், அம்புலன்ஸ் வண்டி என்பது வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளி. அதன் இடம் எப்பொழுதும் சரியாகத் தெரியும். அதன் நிலை பொத்தான் அழுத்தத்தால் உடனே அறிவிக்கப்படும். எவ்வண்டியில் எக்குழு ஏறியது என்பது மாறாது. வண்டிக் குழுவினர் வாழ்ந்த உலகமோ அங்ஙனம் இருக்கவில்லை. எந்த வண்டியை எடுப்பது என்பதை நிலையத்திலுள்ளோர் தாமே ஒழுங்குசெய்துகொள்வது அங்கு வழக்கம். நெருக்கடியான வேளையிற் பொத்தான்கள் முறைமாறி அழுத்தப்படும். சில வேளைகளில் அழுத்தப்படாமலே விடப்படும். வானொலித் தொடர்பு கிட்டாத இடங்களும் உள. இவற்றையெல்லாம் குறைபாடென்றோ பழைய பழக்கமென்றோ கருதிய மேலாண்மை, கணினி வந்தால் அப்பழக்கங்கள் தாமே ஒழியும் என நம்பியது. அந்நம்பிக்கை தவறானது என அறிக்கை வெளிப்படையாகவே கூறிற்று. பயன்படுத்துவோருட் பெரும்பாலார் அத்தொகுதியைத் தமதெனக் கொள்ளவில்லை என்பதும் அதன் முடிபுகளுள் ஒன்று.

ஈண்டுக் கவனிக்கத்தக்கது, இவ்விரு மாதிரியுருக்களுள் எதுவும் முழுப்பொய்யன்று என்பதே. நகரை ஒரே களமாகக் கண்டவர்க்குத் தெரிந்த உண்மை தெருவில் நின்றவர்க்குத் தெரியாது. அண்டைப் பிரிவின் எல்லைக்கு அப்பால் வெறுமனே நின்ற வண்டியைப் பழைய முறை எளிதிற் காணாது. அவ்வாறே தெருவில் நின்றவர் அறிந்ததை மேலிருந்தோர் அறியார். தொகுதியினுள் ஒரு மாதிரியுருவே ஏறியது. மற்றது மறுக்கப்படவில்லை, வரையப்படவே இல்லை. 1996இல் மென்பொருட் குறிப்பீடும் வடிவமைப்பும் பற்றிய அனைத்துலகப் பட்டறையொன்று இந்நிகழ்ச்சியைப் பொது ஆய்வுப் பொருளாக எடுத்து, அறிஞர் பலரும் தத்தம் முறைகளை அதன்மீது சோதிக்கச் செய்தமை வியப்பன்று.

இனி, வேறுபாடெல்லாம் முரணன்று என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். தரவுத்தளம் அமைப்போர் இதனை முன்னரே உணர்ந்தனர். பல திணைக்களங்கள் தத்தமக்கென வரைந்த தரவு மாதிரியுருக்களை ஒன்றாக்கும் முறைகளை ஆராய்ந்து, பத்தினி, லென்சரினி, நவாத்தே என்னும் மூவர் 1986இல் வெளியிட்ட மதிப்பாய்வு இத்துறையிற் பெயர்பெற்றது. ஒரே பொருளுக்கு இரு பெயர் வழங்குதலும், ஒரே பெயர் இரு பொருளைச் சுட்டுதலும் ஆகிய இருவகைப் பெயர்ச்சிக்கல்களை அவர் எடுத்து விளக்கினர். நம் நிகண்டுகள் ஒருபொருட் பலபெயர், ஒருசொற் பல்பொருள் என வகுத்தவையே இவை. முன்னையது உழைப்பை வீணாக்கும். பின்னையதோ அழிவையே விளைக்கும். இருவர் ஒரே சொல்லைச் சொல்லித் தலையசைக்கும்பொழுது உடன்பாடு உண்டென்றே தோன்றும்; ஆதலின் எவரும் ஐயுறார். 1999 செப்டெம்பர் 23ஆம் நாள் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் அழிந்தது இத்தகைய மயக்கத்தாலேயே. உந்துவிசையின் அளவைக் கணித்த மென்பொருள் இறாத்தல்-விசை முறையில் எண்ணைத் தந்தது. வழிநடத்தியோர் அதே எண்ணை நியூற்றன் முறையிலெனக் கொண்டனர். ஒன்று மற்றதன் ஏறக்குறைய 4.45 மடங்கு. எண் ஒன்றே, அதனை ஓதிய உள்ளங்கள் இரண்டு.

பெயர்ச்சிக்கல்கள் நீங்கியபின்னும் எஞ்சுவனவே மெய்யான முரண்கள். இவற்றைப் பொறுத்தவரையில் நெடுங்காலம் நிலவிய கொள்கை எளியது. தேவைப்பாட்டு ஆவணம் ஒன்றே இருத்தல் வேண்டும். அதில் முரண் ஒன்றும் இருத்தலாகாது. முரண் காணப்படின் உடனே தீர்க்க. இக்கொள்கை தூய்மையானது போலத் தோன்றினும், நடைமுறையில் இரு தீங்குகளை விளைத்தது. முதலாவது, யாரிடத்து அதிகாரம் உண்டோ அவர் கூற்று நின்றுவிட, ஏனையோர் கூற்று சுவடின்றி மறைந்தது. இரண்டாவது, தீர்க்கத் தெரியாத முரண்களைப் பொதுப்படையான சொற்களால் மூடிவிடும் பழக்கம் வளர்ந்தது. "தக்க வேளையில்", "போதிய அளவு" போன்ற தொடர்கள் ஆவணமொன்றில் மலிந்திருக்குமாயின், அவற்றின் கீழ் முரண்கள் புதைந்து கிடக்கின்றன என ஐயுறல் தகும்.

இதற்கு மாற்றாக எழுந்ததே நோக்குநிலை முறை. தேவைப்பாடுகளைப் பல நோக்குநிலைகளிலிருந்து திரட்டும் எண்ணம் 1979இல் முல்லரி வெளியிட்ட முறையிலேயே உண்டு. ஆயினும் அதனை விரிந்த கோட்பாடாக்கியோர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த பிங்கெல்ஸ்ரைன், கிறேமர், நுசைபே முதலியோர். 1992இல் அவர் வகுத்தபடி, நோக்குநிலை ஒவ்வொன்றும் ஐந்து உறுப்புடையது: தான் எழுதப்படும் குறியீட்டு முறை, தான் பேசும் உலகப்பகுதி, தான் கூறும் செய்தி, அச்செய்தியை வளர்க்கும் வேலைத்திட்டம், இதுவரை நிகழ்ந்த வேலையின் பதிவு. எல்லாவற்றையும் ஒரே மொழியில் ஒரே ஏட்டில் எழுதவேண்டும் என்னும் கட்டாயம் ஈண்டில்லை. நோக்குநிலைகள் தனித்தனி வளரும். அவற்றிடையே இருக்கவேண்டிய உறவுகள் மட்டும் விதிகளாக எழுதப்படும். விதி மீறப்படுமிடத்து முரண் உண்டெனக் குறிக்கப்படும். குறிக்கப்பட்ட முரண் உடனே தீர்க்கப்படவேண்டும் என்பதில்லை. 1994இல் இக்குழுவினர் அளவையியலார் சிலருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் முரணை ஒழித்தல் என்னாது முரணைக் கையாளல் என்றே கூறினர்.

ஆயின் இவ்விடத்து அளவையியல் ஒரு பெருந்தடையை எழுப்புகின்றது. மரபுவழி அளவையில், ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒருங்கே ஏற்கப்படின், அவற்றினின்று எக்கூற்றையும் நிறுவிவிடலாம். எடுத்துக்காட்டாக, "வண்டி வெறுமையாயுள்ளது" என்பது மெய்யாயின், "வண்டி வெறுமையாயுள்ளது, அல்லது நிலவு வெண்ணெயாலானது" என்பதும் மெய்யே. இரண்டிலொன்று மெய்யானாற் போதுமன்றோ. இனி, "வண்டி வெறுமையாயில்லை" என்பதும் ஏற்கப்பட்டுள்ளமையின் முதற்பகுதி விலக்கப்படும். எஞ்சுவது நிலவு வெண்ணெயாலானது என்பது. முரணுடைய ஆவணமொன்றினின்று இவ்வாறு எதுவும் பெறப்படுமாயின், அவ்வாவணத்தை ஆராய்ந்து பயனில்லை. முரணைப் பொறுத்துக்கொள்ள விரும்புவோர் அளவையின் விதிகளையே சிறிது மாற்றல் வேண்டும்.

அம்மாற்றத்துக்கு வழிகாட்டியவருள் அமெரிக்க அளவையியலாளர் நூவெல் பெல்னப் முதன்மையானவர். பல இடங்களிலிருந்து செய்தி பெறும் கணினி எவ்வாறு எண்ணுதல் வேண்டும் என்பதே 1977இல் அவர் எழுப்பிய வினா. அக்கணினிக்கு ஒருவர் ஆம் என்கிறார். மற்றொருவர் அன்று என்கிறார். இருவரையும் நம்பாதுவிடக் காரணமில்லை. ஆகவே ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு பெறுமானங்களை அவர் வகுத்தார்: மெய்யெனச் சொல்லப்பட்டது, பொய்யெனச் சொல்லப்பட்டது, இருவாறும் சொல்லப்பட்டது, ஒன்றுஞ் சொல்லப்படாதது. இவ்வளவையில் முன்காட்டிய வெண்ணெய் நிலவு தோன்றாது. முரண் தான் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். உண்டு, இல்லை, உண்டுமில்லையும், இரண்டுமன்று என்னும் பௌத்தரின் நாற்கோடியும், ஏழு வாய்பாடாக விரியும் சமணரின் சியாத்வாதமும் இதனைக் கண்டோர்க்கு நினைவுக்கு வருதல் இயல்பே; மேனாட்டு அளவையியலாருட் சிலரும் அவ்வொப்புமையை எடுத்து ஆராய்ந்துள்ளனர். ஆயினும் ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. பெல்னப்பின் நான்கும் உலகின் இயல்பைக் கூறுவனவல்ல. உலகைப் பற்றி யார் என் சொன்னார் என்பதையே கூறுவன. வண்டி வெறுமையாகவும் வெறுமையற்றதாகவும் ஒருங்கே இருக்கின்றது என எந்தப் பொறியியலாளரும் கருதுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். இஃது இலண்டன் விசாரணையிற் கண்டதன்று, விளக்கத்தின்பொருட்டுப் புனைந்தது. கட்டுப்பாட்டறையார் வரைந்த மாதிரியுருவில் வண்டிக்கு நான்கு நிலைகள்: அனுப்பப்பட்டது, இடத்தை அடைந்தது, மருத்துவமனையில் உள்ளது, வெறுமையாயுள்ளது. நோயாளியை இறக்கியதும் வண்டி வெறுமையாகும். உடனே அடுத்த அழைப்புக்கு அனுப்பப்படலாம். வண்டிக் குழுவினர் வரைந்ததில் ஐந்து நிலைகள். மருத்துவமனைக்கும் வெறுமைக்கும் இடையே ஆயத்தநிலை என ஒன்று உண்டு. படுக்கை துடைக்கப்படும், பிராணவாயுக் கலம் மாற்றப்படும். அது முடியாது வண்டி வெறுமையாகாது. இவ்விரண்டையும் ஒன்றுசேர்ப்போம் எனின், மருத்துவமனையிலிருந்து வெறுமைக்கு நேரே செல்லும் நிலைமாற்றத்தை முன்னவர் உண்டென்பர், பின்னவர் இல்லையென்பர். அதன் பெறுமானம் "இருவாறும்". ஆயத்தநிலையைப் பின்னவர் உண்டென்பர். முன்னவர் அதைப்பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. சொல்லாமை மறுப்பாகாது என்பது ஈண்டு முக்கியம்.

இச்சேர்க்கைப் படத்தைக் கொண்டு சில வினாக்களை எழுப்பலாம். மருத்துவமனையை அடைந்த வண்டி ஈற்றில் வெறுமையாகுமா? நேர்வழியாற் செல்லினும் ஆயத்தநிலை வழியாற் செல்லினும் வெறுமையாகும். இருவரும் ஆம் என்பர். இவ்வினாவைப் பொறுத்தவரையில் முரண் இருந்தும் இல்லாததற்குச் சமம். இனி, அனுப்பப்படும் வண்டி ஒவ்வொன்றும் ஆயத்தஞ் செய்யப்பட்டதா? முன்னவர் படத்தில் இல்லை. பின்னவர் படத்தில் ஆம். விடை முரண்படுகின்றது. ஆகவே இம்முரணைத் தீர்த்தாலன்றி, பிராணவாயு தீர்ந்த வண்டி நோயாளியிடஞ் செல்லாது என உறுதி கூறல் இயலாது என்பது வெளிப்படுகின்றது. எம்முரண் இன்றே தீர்க்கப்படல் வேண்டும், எது காத்திருக்கலாம் என்னும் பகுத்தறிவு இதனாற் கிடைக்கின்றது. முரணைத் தீர்ப்பதற்கு முன்னரே அதன் விளைவுகளை அளத்தல் என்பதே இம்முறையின் பெரும்பயன். இதனிற் சிறந்த பயன் வேறில்லை எனலும் பொருந்தும்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்ரீவ் ஈஸ்ரர்புறூக், மார்ஷா செச்சிக் ஆகிய இருவரும் இத்தகைய ஆராய்ச்சியைக் கணினியே செய்யத்தக்க முறையொன்றை 2001இல் வெளியிட்டனர். ஈஸ்ரர்புறூக் என்பார் இம்பீரியல் கல்லூரியில் 1991இல் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வே பலர் நோக்குநிலைகளினின்று தேவைப்பாடுகளைப் பெறுதல் பற்றியது. இவர் முறையிற் பெறுமானங்கள் நான்கோடு நிற்பனவல்ல. தொடர்புடையோர் எத்தனை பேரோ அத்தனைக்கு ஏற்பப் பெறுமானங்கள் விரியும். யார் ஆம் என்றார், யார் அன்று என்றார் என்பது பெறுமானத்திலேயே பொதிந்திருக்கும். விடை முரணாய் வருமிடத்து அம்முரணுக்குக் காரணமான நிலைமாற்றத்தைப் பின்னோக்கித் தேடிக் காணலாம்.

எனினும், மாதிரியுருக்களை ஒன்றுசேர்ப்பதில் மிகக் கடினமான படி முரணை எண்ணுவதன்று. எது எதனோடு ஒக்கும் எனத் தீர்மானிப்பதே. மேற்காட்டிய எடுத்துக்காட்டில், முன்னவரின் வெறுமைநிலையும் பின்னவரின் வெறுமைநிலையும் ஒன்றே எனக் கொள்ளப்பட்டது. அங்ஙனங் கொள்ளாது, முன்னவர் வெறுமை என்பது பின்னவரின் ஆயத்தநிலையே எனப் பொருத்திப் பார்க்க. நோயாளியை இறக்கியபின் வரும் நிலை என்னும் அளவில் அவை ஒத்தனவே. இப்பொழுது முன்கண்ட முரண் மறைந்துவிடுகின்றது. பெயர்வேறுபாடே எனத் தோன்றுகின்றது. ஆனால் அந்நிலையிலிருந்து வண்டியை அனுப்பலாம் என முன்னவர் கூறுவர். அனுப்பலாகாது எனப் பின்னவர் கூறுவர். முரண் ஒழியவில்லை; ஒரு படி தள்ளி நின்றுகொண்டது. இன்னொரு வகையாற் பொருத்தின் இன்னோரிடத்தில் அது தோன்றும். முரண் எங்கேயுள்ளது என்பதே நாம் பொருத்திய வகையைப் பொறுத்தது. ஆகவே பொருத்தத்தை ஒருவர் தம்முள்ளத்தில் வைத்துக்கொண்டு சேர்க்கைப் படத்தை மட்டும் பிறர்க்குக் காட்டுதல் தகாது. பொருத்தமும் ஓர் ஆவணமாக எழுதப்பட்டு, ஆராயப்பட்டு, வேண்டின் மாற்றப்படல் வேண்டும்.

மெஹ்றதாத் சபெற்சாதே என்பார் ஈஸ்ரர்புறூக்குடன் சேர்ந்து 2006இல் விரித்துரைத்த முறை இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டது. மாதிரியுருக்கள் ஒருபுறம், அவற்றை இணைக்கும் பொருத்தங்கள் ஒருபுறம். இரண்டும் தரப்படின், சேர்க்கைப் படம் கணித விதியால் தானே பெறப்படும். சேர்ப்போர் விருப்பத்துக்கு அங்கு இடமில்லை. பொருத்தத்தை மாற்றினாற் படம் மாறும். பல பொருத்தங்களைச் சோதித்துப் பார்த்தல் எளிதாகும். படத்தின் ஒவ்வோர் உறுப்பும் முன்மொழியப்பட்டது, உறுதிசெய்யப்பட்டது, மறுக்கப்பட்டது, பிணக்குக்குரியது என நான்கிலொரு குறியைப் பெறும். பெல்னப்பின் நான்கும் இங்கு வேறு உடை தரித்து வருதலைக் காணலாம். இன்னும் ஒரு நன்மை: சேர்க்கைப் படத்திலுள்ள உறுப்பு எதனையுஞ் சுட்டி, இது யாரிடமிருந்து வந்தது என வினவின் விடை கிடைக்கும். பழைய முறையிற் சுவடின்றி மறைந்தோரின் கூற்று இம்முறையில் மறைவதில்லை.

இவையெல்லாம் முரணைக் காட்டித் தருமேயன்றித் தீர்த்துத் தருவனவல்ல. தீர்க்கும் வழிகள் வேறு. தொடர்புடையோர் ஒவ்வொருவரும் வெற்றி பெற்றதாகக் கருதத்தக்க உடன்பாட்டைப் பேச்சால் நாடும் முறையைப் பரி போம் என்பவர் 1989 தொடக்கம் வளர்த்தார். வான் லாம்ஸ்வேர்டே என்னும் பெல்ஜிய அறிஞரும் அவர் குழுவினரும் 1998இல் நுண்ணிய வேறுபாடொன்றைக் காட்டினர்: இரு குறிக்கோள்கள் எப்பொழுதும் முரணுவது அரிது, ஒரு குறித்த சூழ்நிலையில் மட்டும் முரணுவதே பெரும்பான்மை. விரைந்து அனுப்புதலும் ஆயத்தஞ் செய்தபின் அனுப்புதலும் சாதாரண நாளில் ஒருங்கே நிறைவேறும். எல்லா வண்டிகளும் ஓய்வின்றி ஓடும் இரவிலேயே மோதும். அவ்வெல்லைச் சூழ்நிலையை இனங்கண்டால், எவர் குறிக்கோளையும் கைவிடாது அவ்விரவுக்கு மட்டும் ஒரு விதி செய்யலாம். பேரிடரின்போது ஆயத்தம் முடியாத வண்டியையும் அனுப்பலாம், ஆயின் அது ஆயத்தம் முடியாதது என்னும் செய்தி அழைப்போடு செல்லல் வேண்டும் என்பது அத்தகைய விதி.

முரணை ஆறப்போடுதல் சோம்பலுக்கு இடங்கொடுக்கும் எனக் கூறுவாரும் உளர். அக்கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. குறிக்கப்பட்ட முரண்கள் நூற்றுக்கணக்கிற் குவிந்து எவரும் பாராதொழியுமாயின், இலண்டன் திரையில் அடுக்கிய எச்சரிக்கைகளின் கதியே அவற்றுக்கும் நேரும். மென்பொருள் ஈற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்தே ஆகவேண்டும். "இருவாறும்" என்னும் பெறுமானத்தைக் கொண்டு வண்டியை அனுப்பவும் முடியாது, அனுப்பாதுவிடவும் முடியாது. ஆனால் உடனே தீர்க்கவேண்டும் என்னும் கட்டாயத்தாற் பெறப்படும் தீர்வு, பெரும்பாலும், கூட்டத்தில் உரக்கப் பேசியவரின் தீர்வாகவே முடிகின்றது. இரண்டு தீங்குகளுள் பின்னையதே கொடிது. முன்னையதில் முரண் ஏட்டிலாயினும் இருக்கும், பின்னையதில் அதுவும் இராது.

இலண்டன் அம்புலன்ஸ் சேவை 1992இன் தொகுதியைக் கைவிட்டபின் சில ஆண்டுகள் தாளுக்கே மீண்டது. அடுத்த தொகுதி 1996இல் நடைமுறைக்கு வந்தது. இம்முறை அது ஒரே நாளில் திணிக்கப்படவில்லை. படிப்படியாக, பயன்படுத்துவோரை அருகில் வைத்துக்கொண்டு ஆக்கப்பட்டது. முதலில் அழைப்பை ஏற்போர்க்கு வேண்டிய பகுதிகளே அமைக்கப்பட்டன. எந்த வண்டியை அனுப்புவது என்னும் தீர்மானம் கட்டுப்பாட்டறையிலிருந்த மனிதரிடமே விடப்பட்டது.